முப்பத்தொன்பது என்று நான் எழுதிய நாள்

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் எடை பார்க்கும் வேலையில் இருந்த பூங்காவில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் அவள்தான்.

"சரசக்கா, நம்ம எடை ரூமை எடுத்துட்டாங்கக்கா. படிக்கட்டுக்கு முன்னாடி தரையிலயே மெஷினைப் பதிச்சாச்சு. ஏறி நின்னாப் போதும், மேல பெரிய போர்டுல செகப்பு எழுத்துல எடை வந்துருது. கையில கட்டற பட்டையும் அதுவே அடிச்சுக் குடுத்துருது."

"எல்லாரும் பாக்கற மாதிரியா?"

"ஆமாக்கா. வரிசையில நிக்கறவங்க கை தட்டறாங்க."

புதிதாகச் சேருகிறவர்களுக்காக ஒரு பயிற்சி நோட்டு தயாராகிறதாம். பழைய எடை அறை எதற்காக இருந்தது என்று அதில் ஒரு பக்கம் வேண்டுமாம். யாரைக் கேட்டாலும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, நீங்கள் எழுதித் தாருங்கள் என்றாள். எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அந்த அறையில் நான் ஒரே ஒரு முறை பொய் எழுதியிருக்கிறேன். அதை விட்டுவிட்டு அறையைப் பற்றி எழுத முடியவில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையின் எடைமேடையில் இருபத்து நான்கு வருடம் உட்கார்ந்திருந்தேன். மக்காச்சோளம் ஏற்றி வரும் லாரியை லோடு எடை ஒருமுறை, காலி எடை ஒருமுறை பார்த்துச் சீட்டு எழுதுவது வேலை. லோடு எடையின்போது கிளீனர் வண்டிக்குள் படுத்திருப்பார். காலி எடையின்போது டீக்கடையில் இருப்பார். பின்சக்கரம் ஒன்றை மேடைக்கு வெளியே அரை அடி தள்ளி நிறுத்துகிறவர்களும் உண்டு. எல்லாருமே "அக்கா, நான் அப்படிப்பட்ட ஆளில்லீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அதைச் செய்வார்கள். நான் வாதம் செய்ததில்லை. கீழே இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பார்த்ததை எழுதுவேன். பிறகு ஆலையில் கம்ப்யூட்டர் எடைமேடை வந்தது. ஐம்பதாவது வயதில் வீட்டுக்கு வந்தேன்.

அப்போதுதான் 'எடை பார்ப்பதில் அனுபவம் உள்ளவர் தேவை' என்று செய்தித்தாளில் ஒரு விளம்பரம். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நாலுவழிச் சாலையோரம் ஒரு பூங்கா. பழைய கல்குவாரி ஒன்று மழைத்தண்ணீர் நிரம்பி ஏரி மாதிரி கிடந்தது. ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்ட ஒருவர் அதை வாங்கி, கரையில் நூற்றைம்பது அடிக்கு இரும்புக் கோபுரம் எழுப்பியிருந்தார். காலில் ரப்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு கோபுரத்திலிருந்து குவாரிக்குள் தலைகீழாகக் குதிக்க வேண்டும். பஞ்சி ஜம்ப் என்று பெயர். காலமெல்லாம் பூமிக்குள் குழாய் இறக்கியவருக்கு, கீழே அனுப்ப இன்னொரு பொருள் கிடைத்துவிட்டது.

என் வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறார். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "பஞ்சு ஜம்ப்புன்னா? பஞ்சு மில்லா?" என்றார்.

"மனுசன் குதிக்கறதாமாங்க."

"அதுக்கு எதுக்கு எடை?"

எனக்கும் தெரியவில்லை. போய்ப் பார்க்கலாம் என்று போனேன்.

என்னை நேர்காணல் செய்தவர் பெஞ்சமின் சார். சூரமங்கலத்துக்காரர். ரயில்வேயில், தடம் புரண்ட வண்டிகளைக் கிரேன் வைத்துத் தூக்கி நிறுத்தும் குழுவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கோபுரத்தின் முழுப் பொறுப்பும் அவருடையது. "முப்பது வருஷம் விழுந்ததைத் தூக்கினேங்க. இப்ப தூக்கிட்டுப் போயி விழ வைக்கறேன்" என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். சிரிக்கவில்லை.

"இதுவரைக்கும் அதிகபட்சம் எவ்வளவு எடை போட்டிருக்கீங்கம்மா?"

"நாப்பது டன்னுங்க சார்."

"இங்க நூத்தஞ்சு கிலோ வரைக்கும்தான். அங்க ஒரு அஞ்சு கிலோ தப்பாப் போட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க. அடுத்த லோடுல கழிச்சுக்குவாங்க."

"இங்க அடுத்த லோடு கிடையாதுங்க" என்றார். அவ்வளவுதான் நேர்காணல்.

கயிறு மூன்று நிறத்தில் இருக்கும். நாற்பது முதல் அறுபது கிலோ வரை மஞ்சள், எண்பது வரை சிவப்பு, அதற்கு மேல் நூற்றைந்து வரை நீலம். கனமான ஆளுக்கு மெல்லிய கயிற்றைக் கட்டினால் கயிறு அளவுக்கு மேல் நீண்டு ஆள் தண்ணீரில் மோதுவார். ஒல்லியான ஆளுக்குத் தடித்த கயிற்றைக் கட்டினால் அது நீளவே நீளாமல் வெடுக்கென்று இழுக்கும். கழுத்து போய்விடும். ஆகையால் எல்லாம் எடையில் நிற்கிறது. மனிதர்கள் வயதைக்கூட உண்மை சொல்லிவிடுவார்கள், எடையைச் சொல்ல மாட்டார்கள். மனைவி பக்கத்தில் நின்றால் கணவன் ஐந்து கிலோ குறைப்பான். நண்பர்கள் நின்றால் ஒல்லிப் பையன்கள் ஐந்து கிலோ ஏற்றுவார்கள்.

அதனால்தான் பெஞ்சமின் சார் அந்த அறையைக் கட்டச் சொன்னார். எட்டுக்கு எட்டு. ஒரு திரை, ஒரு தராசு, ஒரு நாற்காலி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வரலாம். போன், கேமரா எதுவும் கூடாது. செருப்பு, பெல்ட், சட்டைப் பையிலிருக்கும் சில்லறை எல்லாம் கூடையில் போட்டுவிட்டு ஏற வேண்டும். எண்ணை நான் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. இடது புறங்கையில் மார்க்கர் பேனாவால் எழுதி அனுப்ப வேண்டும். மேலே கோபுரத்தில் இன்னொரு தராசு இருக்கும். அங்கே பார்த்த எடைக்கும் கையில் இருக்கும் எடைக்கும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆள் திரும்பக் கீழே வருவார். இருநூற்றுப் பன்னிரண்டு படி.

சந்தேகம் வந்தால் பெஞ்சமின் சார் வயர்லெஸ்ஸில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்: "சொன்னதா, பார்த்ததா?" அந்த ஆள் சொன்ன எடையா, நான் பார்த்த எடையா என்று அர்த்தம். "பார்த்ததுங்க சார்" என்று நான் சொன்னால்தான் கயிற்றைத் தொடுவார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கொக்கிகளைக்கூட 'அவங்க' என்றுதான் சொல்வார். "அவங்களைத் துடைச்சு வெச்சீங்களா?" என்பார். காலையில் பூங்கா திறக்கும் முன் மூன்று கயிறுகளையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, கண்ணை மூடிக்கொண்டு, விரல்களுக்கு நடுவே ஓட்டிப் பார்ப்பார். சட்டைப் பையில் ஒரு ஜெபமாலை இருக்கும். அதையும் அப்படித்தான் மணி மணியாகச் சோதிப்பார் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு குதிப்புக்கும் கயிற்றின் பதிவேட்டில் ஒரு கோடு. குறித்த எண்ணிக்கை வந்ததும் கத்தியை எடுத்து, தன் கையாலேயே கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிவிடுவார். முதல்முறை அதைப் பார்த்து முதலாளி பதறிப்போனார்.

"சார், புதுசாட்டம் நல்லாத்தானே இருக்குது?"

"நல்லா இருக்கும்போதே வெட்டணுங்க. கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுக்க ஒரே ஒரு வழிதான் இருக்கு. அந்த வழி நமக்கு வேண்டாம்."

கோபுரத்தில் வேலை செய்யும் எல்லாரும் ஒருமுறையாவது குதித்திருக்க வேண்டும் என்று விதி எழுதியவரும் அவரே. அனுப்புகிறவர்களுக்குப் போகிற இடம் தெரிய வேண்டும் என்பார். ஆனால் அவர் மட்டும் குதித்ததில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் குதிக்கக் கூடாது என்பதும் அவர் எழுதிய விதிதான். ஒரு விதி தள்ளியது, இன்னொரு விதி பிடித்துக்கொண்டது.

என் முறை இரண்டாவது வாரத்தில் வந்தது. சேலைக்குப் பதிலாக மகளுடைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன். கணுக்காலில் துண்டைச் சுற்றி, அதன்மேல் பட்டை கட்டி, இடுப்பிலும் ஒரு பட்டை கட்டி, ஒவ்வொரு கொக்கியின் திருகையும் மூன்று முறை இழுத்துப் பார்த்தார்கள். முனையில் நின்றபோது தூரத்தில் கொல்லிமலை நீலமாகத் தெரிந்தது. கீழே பச்சைத் தண்ணீர். இவ்வளவு வருடம் எத்தனையோ வண்டிகளை மேடையில் ஏற்றி இறக்கியவள், என் உடம்பை ஒரு அடி முன்னால் நகர்த்த முடியாமல் நின்றேன். பிறகு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. வயிறு மேலேயே தங்கிவிட்டது, மற்றதெல்லாம் கீழே போனது. காதில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. கத்தினேனாம், எனக்குக் கேட்கவில்லை. கயிறு பிடித்து மேலே இழுத்த அந்த நொடியில், மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் சும்மா மிதந்தேன். பிள்ளை பெற்றதற்கு அப்புறம் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அறிந்ததில்லை என்று பெஞ்சமின் சாரிடம் சொன்னேன். அவர் டார்ச் அடித்து என் கண்ணைப் பார்த்தார். இடது கண்ணில் ஒரு சின்ன ரத்தக்குழாய் உடைந்து சிவந்திருந்தது. "சந்தோஷம் சரிங்க, நாளைக்குக் கண் டாக்டரைப் பாருங்க" என்றார். நான்கு நாள் சிவந்த கண்ணோடு திரிந்தேன். இரண்டாம் முறை போக ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. இன்றுவரை இரண்டும் சமமாகவே இருக்கின்றன.

முதல் மாதத்தில் இன்னொன்று நடந்தது. ஒரு கல்லூரி மாணவர் முனையில் நிற்கிறார். அவர் தலையில் கட்டியிருந்த கேமரா கழன்று தொங்குவதை எங்கள் ஆள் ஒருவர் பார்த்துவிட்டு, "குதிக்காதீங்க!" என்று கத்தினார். மாணவர் காதில் விழுந்தது 'குதி' மட்டும். போய்விட்டார். நல்லவேளை, கட்டெல்லாம் முடிந்திருந்தது. கேமரா மட்டும் குவாரிக்குள் போனது. பெஞ்சமின் சார் அன்று வேலையை நிறுத்திவிட்டு எங்களையெல்லாம் உட்கார வைத்தார்.

"தமிழ்ல வேண்டாம்ங்கறது வார்த்தையோட கடைசியிலதான் வருது. மேல அடிக்கற காத்துக்கு அதுவரைக்கும் பொறுமை இல்லைங்க. இன்னியிலிருந்து கோபுரத்துல 'குதி'ன்னு தொடங்கற வார்த்தை எதுவும் கிடையாது. நிறுத்தணும்னா 'நில்லுங்க'."

"அப்போ அனுப்பறதுக்கு என்ன சார் சொல்றது?"

கொஞ்சம் யோசித்தார். "நம்ம ஊர்ல ஆளை அனுப்பறப்ப என்ன சொல்லுவோம்? போயிட்டு வாங்க."

அன்று முதல் மூணு, ரெண்டு, ஒண்ணு என்று எண்ணிவிட்டு, விருந்தாளியை வாசலில் வழியனுப்புகிற மாதிரி, "போயிட்டு வாங்க" என்பார். எல்லாரும் போய்விட்டு வந்தார்கள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நான்கு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவனுக்கு முப்பது வயது இருக்கலாம். எங்கே போனாலும், என்ன சாப்பிட்டாலும், வீட்டில் என்ன நடந்தாலும் வீடியோ எடுத்துப் போடுகிறவர். கேட்டுக்குள் நுழையும்போதே கையில் குச்சியும் போனுமாகப் பேசிக்கொண்டே வந்தார். "இன்னிக்கு என் வொய்ஃபுக்கு ஒரு சர்ப்ரைஸ்!" அந்தப் பெண் பக்கத்தில் சிரித்தபடி நடந்தாள். படிவத்தை அவரே நிரப்பினார். ரத்த அழுத்தம் பார்க்கும் மேசையில் எல்லாம் சரியாக இருந்தது. அதையும் எடுத்தார். என் அறை வாசலில்தான் போனோடு நிற்க வேண்டி வந்தது.

திரை மூடியதும் அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினாள். நாற்பத்தாறு புள்ளி இரண்டு. நான் மார்க்கரைத் திறந்தேன்.

"அக்கா, கம்மின்னு எழுதிருங்கக்கா" என்று கிசுகிசுத்தாள். "நாப்பதுக்குக் கீழ இருந்தா விடமாட்டீங்களாமே. வெளிய போர்டுல போட்டிருக்குது."

"பயமா இருந்தா ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லலாமே சாமி. கட்டாயம் ஒண்ணுமில்லை."

"சொன்னேங்கக்கா. பயந்தாத்தான் வீடியோ நல்லா வரும்ங்கறார்."

நான் பேனாவை மூடினேன். அவள் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

"எத்தனை நாளு?"

"அம்பது நாளுங்க. முந்தாநேத்துதான் டெஸ்ட் பண்ணினேன். யாருக்கும் தெரியாது."

"அடக் கடவுளே. அதைச் சொன்னா மேல இருக்கறவங்களே விடமாட்டாங்களே. படிவத்துலயே கேட்டிருக்குதே."

"அவருதான் இல்லைன்னு போட்டார். அவருக்கே தெரியாதுங்கக்கா." குரல் இன்னும் இறங்கியது. "போன தடவை டெஸ்ட் பண்ணின அன்னிக்கே கேக் வெட்டி வீடியோ போட்டுட்டார். லச்சம் பேரு வாழ்த்துச் சொன்னாங்க. ரெண்டு மாசத்துல போயிருச்சு. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அப்படியே விட்டுட்டார். இன்னமும் கேக்கறாங்க, பாப்பாவுக்கு என்ன பேரு வெச்சீங்கன்னு. நான்தான் படிக்கறேன். இந்தத் தடவை மூணு மாசம் தாண்டற வரைக்கும் எங்கம்மாகிட்டக்கூடச் சொல்லப் போறதில்லை. இப்ப நான் வாயைத் தொறந்தேன்னா இந்த வாசப்படியிலயே வீடியோ ஆயிரும்."

வெளியிலிருந்து அவர் குரல். "என்ன மேடம், இவ்வளவு நேரம்? என் வொய்ஃப் என்ன லாரியா?" யாரோ சிரித்தார்கள்.

என் கை இதுவரை ஒரு கிலோவைக்கூட மாற்றி எழுதியதில்லை. ஆலையில் மேலாளரே வந்து நின்று கேட்டும் எழுதாத கை. தப்பு எண் ஆளைக் கொல்லும் என்று சொல்லித்தான் என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இப்போது சரியான எண்ணை எழுதினால் இவள் மேலே போவாள். நான் மூன்றைப் போட்டுவிட்டு நிறுத்தினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒன்பதைப் போட்டேன்.

வெளியே வந்ததும் பிரளயம். "முப்பத்தொம்பதா? போன வாரம் எங்க ஊட்டு மெஷின்ல நாப்பத்தாறு! திரும்பப் போடுங்க. என் கண்ணு முன்னால போடுங்க." உள்ளே இருவர் வரக் கூடாது என்றேன். என் முகத்துக்கு நேராகப் போனை நீட்டினார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் வயர்லெஸ்ஸில் பெஞ்சமின் சாரைக் கூப்பிட்டேன்.

மூட்டுவலிக்காரர், அத்தனை படியும் இறங்கி வந்தார். எங்கள் இருவரையும் அறைக்குள் அழைத்து வந்து திரையை மூடினார். அவள் மூலையில் நின்றாள். அவள் கையைப் பார்த்தார், பிறகு அவளைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தார். கிரேனில் மாட்டும் முன் வண்டியைப் பார்ப்பார்களே, அப்படி. அது முப்பத்தொன்பது இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சொன்னதா, பார்த்ததா?"

"கேட்டதுங்க சார்" என்றேன்.

அவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. திரையை விலக்கி வெளியே போய், "முப்பத்தொம்பதுங்க. இந்த எடைக்கு எங்ககிட்டக் கயிறு இல்லை. மன்னிச்சுக்குங்க" என்றார்.

அவருடைய வாழ்க்கையிலும் அது முதல் பொய்யாக இருக்கலாம். நான் கேட்டதில்லை.

கணவர் விடவில்லை. "சரி, நான் தனியாக் குதிக்கறேன்" என்றார். அவர் எடை எழுபத்து நான்கு, சிவப்புக் கயிறு. மேலேயும் அதே எழுபத்து நான்கு. கட்டெல்லாம் முடிந்து முனைக்குப் போய் நின்றார். கீழே நானும் அவளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வயர்லெஸ்ஸில் குரல் கேட்டது. "மூணு, ரெண்டு, ஒண்ணு, போயிட்டு வாங்க." அவர் போகவில்லை. வெளிச்சம் சரியில்லை என்றார். மறுபடி எண்ணினார்கள். கேமரா கோணம் சரியில்லை என்றார். மூன்றாம் முறையும் எண்ணினார்கள். இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"என் வொய்ஃப் எடையையே தப்பாப் போட்ட மெஷின், என் எடையை மட்டும் எப்படிங்க சரியாப் போடும்? இதை நம்பி நான் எப்படிக் குதிப்பேன்?"

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. அன்று அந்த இடத்தில் பாதுகாப்பைப் பற்றிச் சரியாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். படி வழியாக இறங்கி வந்தார். கடைசிப் படியில் நின்று போனை உயர்த்திப் பேசத் தொடங்கினார். அவர் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் கேட்டைத் தாண்டும்போது அந்த இடது கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வீடியோ வந்தது. மனைவியைக் காப்பாற்றிய கணவனின் உள்ளுணர்வு என்று தலைப்பு. ஓட்டைத் தராசை வைத்துக்கொண்டு உயிரோடு விளையாடுகிறார்கள் என்றார். எங்கள் ஊரிலேயே எல்லார் போனிலும் அது ஓடியது. முதலாளி கோபுரத்தை மூடிவிட்டு, தராசைச் சோதிக்க எடையளவு ஆய்வாளரை வரச் சொன்னார். அவர் முத்திரை போட்ட இரும்பு எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, தராசில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். தராசின் மானம் திரும்பியது. அப்படியானால் தப்பு யாருடையது?

என்னிடம் விளக்கம் கேட்டார்கள். விளக்கத்தின் நகல் தனக்கும் வேண்டும் என்று அந்தக் கணவர் எழுதிக் கேட்டிருந்தார். உண்மையை எழுதினால் அடுத்த வீடியோவில் அதைப் படிப்பார்.

பெஞ்சமின் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் பார்த்துச் சரின்னு சொன்னதா எழுதிடறேங்க. பொறுப்பு என்னுதுதானே."

"ரெண்டு பேரு பேரும் எதுக்குக் கெடணுங்க சார்? கோபுரத்துல உங்களை யாரும் சந்தேகப்படக் கூடாது. என்னுதைப் பத்திப் பரவாயில்லை" என்றேன். பரவாயில்லை என்று சொன்னேனே தவிர, அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. எனக்கென்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

கண்ணாடி போடாமல் பார்த்ததால் 46 என்பதை 39 என்று படித்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளி இரண்டு முறை படித்தார்.

"ஏனுங்கம்மா, நாப்பத்தாறும் முப்பத்தொம்பதும் ஒரே மாதிரியா இருக்குது?"

"கண்ணாடி இல்லீன்னா எல்லாம் ஒரே மாதிரிதாங்க."

ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். கவனக்குறைவு என்று நோட்டீஸ் பலகையில் என் பெயர் வந்தது. கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எடை பார்ப்பது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். பாடம் எடுத்த பையன், தராசில் ஏறும் முன் செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தான். குறித்துக்கொண்டேன்.

நான் திரும்பி வந்த அன்று எடைப் பதிவேட்டில் ஒரு புதுக் கட்டம் இருந்தது. பெஞ்சமின் சார் ஸ்கேல் வைத்துத் தன் கையால் கோடு போட்டிருந்தார். மேலே, 'இன்று இல்லை' என்று தலைப்பு. அதன் கீழே சின்ன எழுத்தில்: எடை பார்ப்பவர் யாரையும் நிறுத்தலாம். காரணம் எழுத வேண்டாம். யாரும் கேட்கக் கூடாது. இதற்கு முதலாளி ஒத்துக்கொள்ள மூன்று நாள் ஆனதாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் மேலே ஆளை அனுப்ப மாட்டேன் என்று குரலை உயர்த்தாமல் சொன்னாராம்.

"இனிமே அவசியம் வராதுங்க" என்றார் என்னிடம். "உங்களுக்குப் பொய் எழுத வரலை. நாப்பத்தாறுக்கு முப்பத்தொம்பது யாராவது போடுவாங்களா? எடை இருக்கட்டும், காது வலிக்குதுன்னு என்கிட்ட அனுப்பியிருந்தா நானே நிறுத்தியிருக்க மாட்டேனா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்து நான்கு வருடம் எண்ணை மட்டுமே பார்த்தவளுக்குப் பொய்யும் எண்ணாகத்தான் வந்திருக்கிறது.

அந்தக் கட்டத்தைப் பெண்கள்தான் அதிகம் கேட்பார்கள் என்று நினைத்தேன். ஆண்கள்தான் கேட்டார்கள். கூட்டாளிகளோடு சத்தம் போட்டுக்கொண்டு வருவார்கள். திரை மூடியதும், "அக்கா, ஏதாவது பண்ணுங்கக்கா" என்பார்கள். வெளியே போய், "ச்சே, விடமாட்டேங்கறாங்கடா" என்று என்னைத் திட்டுவார்கள். நான் திட்டு வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். கவிதாவின் நோட்டில் அந்த அறை எதற்கு என்ற கேள்விக்கு இதைத்தான் எழுதியிருக்கிறேன். புது மெஷினில் அந்தக் கட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். எண் மட்டும்தான் வருகிறதாம்.

எழுதி முடித்து அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு போன வாரம் நடந்ததை மட்டும் இங்கே சேர்க்கிறேன்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். என் பக்கத்தில் இடம் கிடைத்து உட்கார வந்த பெண், கைப்பையை மேலே வைப்பதற்காகக் குழந்தையை என்னிடம் நீட்டினாள். "கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா?" வாங்கி மடியில் வைத்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். அவளேதான். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அவளுக்கு என்னைத் தெரியவில்லை. தராசு இல்லாமல், பஸ்ஸில், ஒரு ஞாபகமும் வர வழியில்லை.

குழந்தை என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தது. "எத்தனை மாசமாச்சு?" என்றேன்.

"பத்து மாசங்க."

பத்து மாதம் என்றால் கணக்கு ஒத்துவரவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் வாய் கேட்டுவிட்டது. "இதுதான் மூத்ததா?"

"இல்லீங்க, ரெண்டாவது. மூத்தவளுக்கு மூணரை வயசாவுது. எங்கம்மாகிட்ட உட்டுட்டு வாரேன். அவளைக் கூட்டிட்டு பஸ்ஸுல வர முடியாதுங்க. கட்டிலு, சோபா, தண்ணித்தொட்டி, எது மேல ஏறினாலும் அங்கிருந்து குதிக்கறது. யாரைப் பார்த்துப் பழகினாளோ."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்சம் கழித்து, "போட்டோ ஏதாச்சும் இருக்குதா சாமி, பாக்கலாமா?" என்றேன்.

"இல்லீங்க. என்ற புள்ளைங்களை நான் போனுல போட உடறதில்லை. அவங்கப்பாவுக்குத்தான் வருத்தம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "வருத்தப்படட்டும்ங்க."

புதுச்சத்திரத்தில் இறங்க எழுந்தாள். குழந்தையைத் தூக்கிக் கொடுத்தேன். எட்டரைக் கிலோ இருக்கும். நான் யார் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அதற்குள் அவள் குழந்தையின் கையைப் பிடித்து என் பக்கம் ஆட்டினாள்.

"ஆயாவுக்கு டாட்டா சொல்லு."

நான்கு வருடத்துக்கு முன்னால் என்னை அக்கா என்று கூப்பிட்டவள், இப்போது பாட்டி ஆக்கிவிட்டாள். கண்ணில் வந்த தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. நானும் கையை ஆட்டினேன். பஸ் கிளம்பியது.